மாமனாரும் 85 கல் முகங்களும்: கில்பெக் பயணக் குறிப்புகள்

முதல் நாள், வியாழன்: ஹெரிஃபோர்டு

பர்மிங்ஹாமிலிருந்து ஹெரிஃபோர்டுக்கு ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். ஜன்னலோரத்தில் மாமா, எதிரில் நான், நடுவில் புளியோதரை டப்பா. மாமா என்றால் மாமனார். நெடுஞ்சாலைத் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று மாதம் எங்களோடு இருக்க வந்திருக்கிறார். போன வாரம் லண்டன் கூட்டிப்போனால், டவர் பிரிட்ஜின் மேல் நின்று ரிவெட் எண்ணிக்கொண்டிருந்தார். அரண்மனை, மெழுகு பொம்மை எதுவும் அவருக்கு ஒட்டவில்லை. சரி, கல்லைக் காட்டுவோம் என்று இந்த நான்கு நாள் பயணம். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. ஆக, மாமனாரும் மாப்பிள்ளையும் மட்டும்.

எனக்கும் ஒரு பழைய ஆசை உண்டு. கில்பெக் என்ற ஊரின் சின்ன சர்ச்சில், கூரைக்கு அடியில் ஒரு நாயும் முயலும் கன்னத்தோடு கன்னம் வைத்து உட்கார்ந்திருக்கும். அந்தப் படத்தை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேரில் பார்க்க நாளைக்குப் போகிறோம்.

இன்று மதியம் ஹெரிஃபோர்டு பேராலயம். அங்கே ‘மாப்பா முண்டி’ என்ற உலக வரைபடம் இருக்கிறது. 1300-ஐ ஒட்டி, ஒரே கன்றுத் தோலில் வரைந்தது. ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல் உயரம். கிழக்கு மேலே இருக்கிறது, நடுவில் ஜெருசலேம். மாமா முதலில் தேடியது இந்தியாவைத்தான். உச்சியில், ஏதேன் தோட்டத்துக்குப் பக்கத்தில் கிடைத்தது. “நல்ல இடமாத்தான் குடுத்திருக்கான்” என்றார். ஓரங்களில் தலையே இல்லாமல் நெஞ்சில் முகம் வைத்த மனிதர்கள், மனித முகமும் சிங்க உடலும் கொண்ட மாண்டிகோர் என்று வரிசையாக விசித்திரங்கள். அந்தக் காலத்து விலங்குப் புத்தகங்களில் திரிந்த பிராணிகள் இவை. நாளைக்கு இதே கும்பலைக் கல்லில் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி வைத்தேன்.

புத்தகங்களை அலமாரியோடு சங்கிலியால் பிணைத்துவைத்த ‘சங்கிலி நூலக’மும் பார்த்தோம். கால் வலி. தூங்கப் போகிறேன்.

இரண்டாம் நாள், வெள்ளி: கில்பெக்

காலையில் வாடகைக் கார். ஹெரிஃபோர்டிலிருந்து தென்மேற்கே 14 கிலோமீட்டர்தான், ஆனால் மெயின் ரோட்டை விட்டுத் திரும்பியதும் இரண்டு பக்கமும் ஆளுயர முள்வேலி, நடுவில் ஒரு கார் அகலத்துக்குப் பாதை. எதிரில் டிராக்டர் வந்தது. நான் ரிவர்ஸ் எடுக்க, இடது கதவில் வேலி ஒரு நீளக் கோடு போட்டது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனபிறகு, “கண்ணாடிய மட்டும் நம்பாதீங்க மாப்பிள்ளை” என்றார்.

சர்ச்சின் வாசலில் நின்றதும் அவர் கேட்டது: “இதுவா?”

தூரத்திலிருந்து அப்படித்தான் தோன்றும். உயரமான கோபுரம் கிடையாது. மேற்கு முனையில் மணி தொங்கவிட ஒரு சின்னக் கல் மாடம், அவ்வளவுதான். நடுக்கூடம், அதைவிடச் சிறிய பீடப் பகுதி, கடைசியில் அரைவட்டமாக ஒரு முடிவு. மூன்று பெட்டிகளைப் பெரிது சிறிதாக வரிசையில் அடுக்கினதுபோல ஒரு நார்மன் கட்டடம், அதாவது பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்காரர்கள் காலத்தது. மாமா வெளியே தப்படி போட்டுப் பார்த்தார். முப்பதுக்குள் முடிந்துவிட்டது.

பக்கத்தில் போனதும்தான் விஷயம். தெற்கு வாசலில் விரலளவு இடம்கூட விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். வெளித்தூண்களில் பாம்புகள், ஒன்றின் வாலை இன்னொன்று விழுங்கியபடி மேலே ஏறுகின்றன. உள்தூண்களில் இடது பக்கம் இரண்டு வீரர்கள் கொடிகளுக்குள் சிக்கி நிற்கிறார்கள். இருவரும் தொளதொளவென்று பேண்ட் போட்டிருக்கிறார்கள். 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சிற்பத்தில் பேண்ட் அபூர்வம். துணியின் மடிப்புகூடக் கோடு கோடாகத் தெரிகிறது. வலது தூணில் இலைகளுக்குள் பறவைகள், அதன் உச்சியில் வாயிலிருந்து இலை முளைக்கும் பச்சை மனிதன். கதவுக்கு மேல் அரைவட்டக் கல்லில் ஒரு வாழ்வின் மரம், அதில் திராட்சைக் குலைகள். அதைச் சுற்றிய வளைவில் அலகு நீட்டிய தலைகள், பறவைகள், டிராகன்கள். அதில் ஒன்றைக் காட்டி, “இது நேத்து தோல்ல பார்த்தோமே, அவன்தானே?” என்றார் மாமா. மாண்டிகோர் என்று அடையாளம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றேன்.

1140 வாக்கில் கட்டியது. 1086-ல் எடுத்த ‘டூம்ஸ்டே’ என்ற நில உடைமைக் கணக்கில் இந்த ஊர் வில்லியம் ஃபிட்ஸ் நார்மன் கையில் இருந்தது. அவர் மகன் ஹ்யூ ஊர்ப்பெயரையே தன் பெயராக்கிக்கொண்டு ‘ஹ்யூ டி கில்பெக்’ ஆனார். சர்ச்சைக் கட்டவைத்தவர் அவர்தான். சர்ச்சுக்கு மேற்கே ஒரு மண்மேடு, அதன் தலையில் இரண்டு துண்டுச் சுவர்கள்: அதுதான் அவர் கோட்டை. ஜான் மன்னர் இங்கே வந்து தங்கியிருக்கிறார். சுற்றியிருந்த பழைய ஊர் இப்போது புல்வெளியில் மேடு பள்ளமாக மட்டும் இருக்கிறது, அதன்மேல் ஆடு மேய்கிறது. கோட்டையும் போய், பழைய ஊரும் போய், சர்ச் மட்டும் நிற்கிறது. நார்மன்காரர்களுக்கு முன்பும் இங்கே ஒரு சாக்ஸன் சர்ச் இருந்திருக்கிறது. நடுக்கூடத்தின் வடகிழக்கு மூலையில் அதன் சுவரில் கொஞ்சம் மிச்சம். மாமா அதைக் கண்டுபிடித்துவிட்டு, “இது வேற கான்ட்ராக்டர்” என்றார்.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் இன்று முழுவதும் எங்களோடு சுற்றியது. “மணற்கல்தானே? எண்ணூத்தி எண்பது வருஷ மழை. ஏன் கரையல?”

அந்தக் கேள்வியோடு கூரையடியைப் பார்த்தோம். கட்டடத்தைச் சுற்றிலும் கூரை விளிம்புக்குக் கீழே சுவரிலிருந்து சின்னக் கல் முண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கார்பெல் என்பார்கள். மாமாவுக்கு அது ‘பிராக்கெட்’. ஆரம்பத்தில் 91 இருந்தன, 85 தப்பியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு முகம், ஒரு மிருகம், ஒரு கூத்து. பிடில்போல ஒன்றை வாசிக்கிறவன், கட்டிப்பிடித்து நிற்கிற இருவர், பன்றி, ஆந்தை மாதிரி ஒன்று. சிலுவை ஏந்திய ஆட்டுக்குட்டி ஒன்று இருக்கிறது. செதுக்கியவன் ஆட்டைவிடக் குதிரையை அதிகம் பார்த்தவன் போலிருக்கிறது, கால் அப்படி நீளம்.

நாயும் முயலும் கிடைத்தன. படத்தில் பார்த்ததைவிடச் சிறிது. நாயின் காது தொங்குகிறது, முயலின் காது பின்னால் படிந்திருக்கிறது. வேட்டைநாயும் இரையும் என்று சொல்லலாம், ஆனால் இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி வெளியே எட்டிப் பார்க்கின்றன. முயலுக்கு வட்டக் கண், நாய்க்குத் தூக்கக் கண். இதைச் செதுக்கிய நாளன்று அந்த ஆள் நல்ல மனநிலையில் இருந்திருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. அரை மணி நேரம் கழுத்து வலிக்க நின்றேன்.

கிழக்கே அரைவட்டச் சுவரில் இன்னொரு பிரபலம் இருக்கிறது: ஷீலா-நா-கிக். பெரிய வட்டத் தலையுள்ள ஒரு பெண் உருவம், இரண்டு கைகளாலும் தன் பெண்குறியை அகல விரித்துக் காட்டுகிறது. மாமனாரோடு சேர்ந்து பார்க்கத் தோதான சிற்பம் இல்லை. நான் அவசரமாக அடுத்த முண்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, “சர்ச்சிலயா?” என்றார். காமத்துக்கு எதிரான எச்சரிக்கை என்று ஒரு கட்சி, கெட்டதை விரட்ட வைத்தது என்று ஒரு கட்சி, செழிப்பின் அடையாளம் என்று ஒரு கட்சி. 1842-ல் ஜி. ஆர். லூயிஸ் என்ற ஓவியர் இந்த சர்ச்சின் சிற்பங்களை வரைந்து புத்தகமாகப் போட்டார். அவர் இதை ஒரு கோமாளி தன் நெஞ்சைத் திறந்து காட்டுவதாக எழுதிவைத்தார். என் நிலைமைதான் அவருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே இருட்டு, சுண்ணாம்பு வாசனை. பீடப் பகுதிக்குப் போகும் வளைவின் இரண்டு பக்கமும் மூன்று மூன்று திருத்தூதர்கள், ஒருவர் தலைமேல் ஒருவர். சாவி வைத்திருப்பவர் பேதுரு. ஆட்களை இப்படித் தூணில் அடுக்குவது இங்கிலாந்து வழக்கம் இல்லை. ஸ்பெயினில் சாண்டியாகோ பேராலயத்தின் தெற்கு வாசலில் இருக்கிறது. எப்படி இங்கே வந்தது? பக்கத்து வட்டாரத்தில் ஹ்யூ மார்ட்டிமர் என்ற பிரபுவின் காரியக்காரர் ஆலிவர் டி மெர்லிமாண்ட். அவர் சாண்டியாகோவுக்கு யாத்திரை போய்வந்தார் என்று விக்மோர் மடத்தின் வரலாற்றேட்டில் இருக்கிறது. அவர் ஷாப்டன் என்ற ஊரில் ஒரு சர்ச் கட்டினார். அங்கே வேலை செய்த அதே பட்டறைதான் கில்பெக்கிலும் வேலை செய்தது என்கிறார்கள் அறிஞர்கள். ‘ஹெரிஃபோர்டுஷையர் பாணி’ என்று அதற்குப் பெயர். செதுக்கிய ஒருவர் பெயர்கூட எங்கும் பதிவாகவில்லை.

பீடத்துக்கு மேல் வளைவு விலாக்கள் கூடுமிடத்தில் மிருகத் தலைகள். கதவுப் பக்கம் ஒரு தீர்த்தத் தொட்டி, தொப்பையை இரண்டு கைகள் கட்டிக்கொண்டிருப்பதுபோல. ஞானஸ்நானத் தொட்டி பெரிய வழுவழுப்பான கல் கிண்ணம். அதில் செதுக்கு எதுவும் இல்லாதது கண்ணுக்கு ஓய்வாக இருந்தது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். மாமா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்துபோய் வளைவுக்கு மேலே ஓடும் ஒரு ஒல்லியான மரச் சட்டத்தைக் காட்டினார். “இது பழசில்ல. தண்ணிய வெளியே தள்ளிவிட யாரோ பின்னால வச்சிருக்கான்.” உண்மைதான். 1962-ல் வைத்தது. அதற்கு முன் இந்த வாசலை மரத்தாலான ஒரு முகப்பு நெடுங்காலம் மூடிக்கொண்டிருந்தது. சிற்பம் தெரியட்டும் என்று 1868-ல்தான் அதைக் கழற்றினார்கள். மாமாவுக்குத் திருப்தி. “அப்ப மழையே படல. சொல்லுங்க அப்படி.” ஆனால் கார்பெல்களுக்கு முகப்பு கிடையாதே என்றேன். “அதுக்குத்தான் கூரை வெளிய நீட்டிட்டு நிக்குது. கல்லும் நல்ல கல். பாத்து எடுத்திருக்கான்.”

கிளம்பும்போது நோட்டில் எழுதியிருந்தார்: பிராக்கெட் – 83. இரண்டு குறைகிறது.

மூன்றாம் நாள், சனி: ரோல்ஸ்டன், மறுபடியும் கில்பெக்

விடியும்போதே மழை. அறையின் காலை உணவில் பீன்ஸைப் பார்த்து மாமா முகம் சுளித்தார். ஊறுகாய் பாட்டிலை எடுத்துவரச் சொன்னது என் மனைவியின் தீர்க்கதரிசனம்.

கில்பெக்குக்குத் தென்மேற்கே, வேல்ஸ் எல்லைப் பக்கம், ரோல்ஸ்டன். ஊர் என்று சொல்ல சில பண்ணை வீடுகள். புனித பேதுரு சர்ச். வாசலுக்கு மேலே அரைவட்டக் கல்லில் இயேசு அரியணையில், நான்கு தேவதூதர்கள் தலைகீழாகப் பறந்து அவரைத் தாங்குகிறார்கள். கில்பெக் ஆட்களின் கைதான், சட்டை மடிப்பிலேயே தெரிகிறது.

உள்ளே பீடத்து வளைவில் சின்னப் பறவைகள் வரிசை, அதோடு தேவதூதரும் புனிதரும். வளைவின் ஒரு பக்கம் அவர்கள் தலைகீழாக இருக்கிறார்கள். இதைப் பார்த்ததும் மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “கல்லத் திருப்பி வச்சுட்டான். மேஸ்திரி பாக்கல, பில்லும் பாஸாயிடுச்சு.” வேலைக்காலத்தில் இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறாராம். பேதுருவைத் தலைகீழாகச் சிலுவையில் அறைந்தார்கள் என்பது மரபு, இது பேதுரு சர்ச், அதனால் வேண்டுமென்றே செய்தது என்று சொல்பவர்கள் உண்டு என்றேன். வாசலிலும் தூதர்கள் தலைகீழ்தானே? மாமா யோசித்தார். “அது பறக்கறான், சரி. இது நிக்கிறவன்.” இதில் நான் மாமா கட்சிக்குப் போகலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

பீடப் பகுதியில் சுவரிலிருந்து நீட்டிய இரும்பு மெழுகுவத்திச் சட்டங்கள், மேலே சேவல்கள் வரிசையாக நிற்கின்றன. சேவல் கூவுமுன் மூன்று தரம் மறுதலித்த பேதுருவின் வீட்டில் சேவல். கொல்லன் பட்டறையில் அடித்த தகட்டுச் சேவல்கள்தான், ஆனால் ஒவ்வொன்றும் கொண்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற தினுசு அருமை.

மூன்று மணிக்கு மழை விட்டது. மாமா, “அந்த ரெண்டையும் பாத்துட்டு வந்துடலாமே” என்றார். மறுபடி அதே முள்வேலிப் பாதை. இம்முறை டிராக்டர் வரவில்லை.

சாயங்கால வெயில் மேற்குச் சுவரில் விழுந்திருந்தது. நேற்று இந்தப் பக்கத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. சுவரிலிருந்து நீளநீளமாக டிராகன் தலைகள் வெளியே பாய்கின்றன, வாய் பிளந்து, நாக்கைச் சுருட்டிக்கொண்டு. கல்லில் செய்ததா, மரத்தில் கடைந்ததா என்று சந்தேகம் வருகிற மாதிரி. வைக்கிங் கப்பல்களின் முகப்பை நினைக்காமல் இருக்க முடியாது. ஜன்னலின் இரண்டு பக்கத் தூண்களிலும் பின்னல் வேலை, உச்சியில் மறுபடி பச்சை மனிதர்கள். ஈரக் கல் சிவந்து பளபளத்தது. தண்ணீர் எங்கே சொட்டுகிறது, எங்கே சொட்டவில்லை என்று மாமா ஒவ்வொரு முண்டாகப் பார்த்துக்கொண்டே போனார். சிற்பத்தைப் பார்க்கிற முறைகளில் இதுவும் ஒன்று என்று இன்று கற்றுக்கொண்டேன். கூரை எங்கே நன்றாக மூடியிருக்கிறதோ அங்கே மூக்கு கூர்மையாக இருக்கிறது.

நோட்டில் இன்று: 84.

நான்காம் நாள், ஞாயிறு: எர்டிஸ்லி, ஷாப்டன்

எர்டிஸ்லி சர்ச்சின் ஞானஸ்நானத் தொட்டிக்காகவே அங்கே போனோம். 1150 வாக்கில் செய்தது. மேல் விளிம்பில் கயிறு பின்னியதுபோல ஒரு பட்டை. கீழே ஒரு பெரிய சிங்கம். இயேசு ஒரு மனிதனைக் கொடிச் சிக்கலிலிருந்து கையைப் பிடித்து இழுக்கிறார், பாதாளத்தில் இறங்கி ஆத்துமாக்களை மீட்கும் காட்சி. இழுபடுகிறவனின் கால் இன்னும் கொடிக்குள்தான். இன்னொரு பக்கம் இரண்டு வீரர்கள் சண்டை, ஒருவனிடம் வாள், மற்றவனிடம் ஈட்டி. ஈட்டி தொடையில் பாய்கிறது. இவர்களும் கில்பெக்காரர்கள் மாதிரியே கோடுபோட்ட உடை.

அந்தச் சண்டைக்கு ஊரில் ஒரு பரம்பரைக் கதை உண்டு: ரால்ஃப் டி பாஸ்கர்வில் தன் மாமனாரோடு மோதிக் கொன்றாராம். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னேன். மாமா தொட்டியைச் சுற்றி ஒருமுறை வந்தார். “எதுக்குச் சண்டை?” நிலத் தகராறு என்று கேள்வி என்றேன். “நம்ம பக்கம் அந்தப் பிரச்சினை இல்ல” என்று சொல்லிவிட்டுச் சிங்கத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

அங்கிருந்து ஷாப்டன். போகிற வழியில் ‘லியோமின்ஸ்டர்’ என்ற பலகையைப் பார்த்து மாமா எழுத்துக்கூட்டினார். அதை ‘லெம்ஸ்டர்’ என்று சொல்ல வேண்டும் என்றேன். நம்பவில்லை.

ஷாப்டன் சர்ச்சுக்குள் நுழைந்தால் கல்யாண கேக்குக்குள் நுழைந்த மாதிரி. எல்லாம் வெள்ளை, வெளிர் நீலம். பெஞ்சுகள்கூட வளைந்து நெளிந்த கூர்வளைவு வேலைப்பாட்டோடு. 1750-களில் பணமும் ரசனையும் உள்ள பேட்மேன் குடும்பத்தார் இதைக் கட்டினார்கள். எழுத்தாளர் ஹோரஸ் வால்போலின் நண்பர் டிக்கி பேட்மேனுக்கு இதில் பெரிய பங்கு. அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் இதைக் கட்டுவதற்காக இடித்தது எதை? முந்தாநாள் நான் சொன்னேனே, சாண்டியாகோ போய்வந்த ஆலிவர் கட்டிய சர்ச், கில்பெக் பட்டறையின் முதல் பெரிய வேலை. அதை.

முழுக்க எறிந்துவிடவில்லை. பீடத்து வளைவையும் இரண்டு வாசல்களையும் கழற்றி, பக்கத்துக் குன்றின் மேல் பார்வைக்கு அழகாக நிறுத்திவைத்தார்கள். வீட்டிலிருந்து பார்த்தால் புல்வெளியின் முடிவில் ஒரு பழைய இடிபாடு தெரிய வேண்டும், அந்தக் காலத்து நாகரிகம் அது. சர்ச்சிலிருந்து புல்வெளி வழியாக மேலே நடந்தோம். மரங்களுக்கு நடுவில் மூன்று வளைவுகள், மேலே கூரை கிடையாது, காற்று அடித்தது.

மாமா நடு வளைவுக்கு ஓரடி தூரத்தில் நின்றார். கில்பெக்கில் விரலால் எண்ணக்கூடியதாக இருந்த இலை நரம்புகள் இங்கே வெறும் புடைப்பு. தூணில் ஏறுவது பாம்பா கொடியா தெரியாது. பக்க வாசலின் அரைவட்டக் கல்லில் அரியணையில் இயேசு இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு பார்த்தால்தான் ஒரு முட்டை வடிவமும் சுற்றிலும் சில நிழல்களும் தெரிகின்றன. இன்னொன்றில், காலையில் தொட்டியில் பார்த்த அதே பாதாளக் காட்சி. பார்க்காமல் வந்திருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டேன். 1852-ல் அதே ஜி. ஆர். லூயிஸ் இந்த வளைவுகளை வரைந்து வைத்ததால்தான் அன்றைக்கு என்ன மிச்சம் இருந்தது என்று இன்றைக்குத் தெரிகிறது.

ஒரே பட்டறை, ஏறக்குறைய ஒரே காலம். கில்பெக்கில் இடித்துப் புதிதாகக் கட்ட யாரும் முனையவில்லை. சிற்பம் இருந்த இடத்திலேயே, கூரைக்கடியிலேயே இருந்துவிட்டது. இங்கே ரசிகர்கள் வந்தார்கள், ரசித்து மழையில் நிறுத்திவிட்டுப் போனார்கள். எனக்குக் கோபம்கூட வந்தது. மாமாவுக்கு வரவில்லை. ஃபோனை எடுத்துக் கில்பெக் வாசல் படத்தைப் பெரிதாக்கி, வளைவுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கல்லைத் தொடப் போன கை பாதியில் நின்றது. “தொட்டா மாவா வருமோ” என்றார்.

இறங்கும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. காரைத் திருப்பிக் கொடுத்தோம். கதவுக் கோட்டுக்குத் தனியாகப் பணம் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது ரயிலில் இருக்கிறோம். லெட்பரி தாண்டிச் சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் பெட்டி இருட்டியது. எதிரே மாமாவின் முகத்தில் ஃபோன் வெளிச்சம். நோட்டு மடியில் திறந்திருக்கிறது. 84-ஆவது முண்டுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.

“மாப்பிள்ளை, வடக்குப் பக்கம் ரெண்டு தலை ஒட்டிட்டு இருக்கே, இத ஒண்ணா எண்ணினோமா ரெண்டா?”

ஒன்றாகத்தான் எண்ண வேண்டும், ஒரே கல் என்றேன்.

“அப்ப இன்னும் ஒண்ணு பாக்கி” என்று சொல்லிவிட்டு முதல் படத்துக்குப் போனார்.